மேனேஜர் மூக்குக்கு எட்டாத அம்பர்

சிட்டிகை அக்காவுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே அது காணாமல் போய்விட்டது. எதைக் கேட்டாலும் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துக் காட்டி, "ஒரு சிட்டிகை" என்பார். காய்ச்சல் எப்படி இருக்கு? ஒரு சிட்டிகை. பஸ் லேட்டா? ஒரு சிட்டிகை. இப்போது வயது நாற்பத்தெட்டு. பிள்ளைகள் இரண்டு பேரும் வெளியூரில் வேலையில் இருக்கிறார்கள். பஸ் ஓட்டும் கணவரே காலையில் அவசரத்தில், "சிட்டிகை, என் சாவி எங்க?" என்றுதான் கத்துகிறார்.

அவர் வேலை பார்க்கும் இடம் ஒரு டயர் கடைக்குப் பின்னால், இரண்டு மாடிக் கட்டடம். கீழே பீப்பாய்கள், மேலே பாட்டில்கள். நீங்கள் இன்று காலை தேய்த்துக் குளித்த சோப்பின் வாசனை சோப்புக் கம்பெனியிலேயே பிறந்தது என்று நினைத்தால் அநேகமாக அது தப்பு. வாசனையை மட்டும் செய்து விற்பதற்கென்றே தனிக் கம்பெனிகள் இருக்கின்றன. ஷாம்புவுக்கு ஒன்று, தரை துடைக்கும் திரவத்துக்கு ஒன்று, குழந்தை பவுடருக்கு ஒன்று என்று கலந்து கேனில் அடைத்து அனுப்புவார்கள். பாட்டில் மேல் அவர்கள் பெயர் வராது. அப்படி ஒரு சின்னக் கம்பெனியில் இருபது வருடமாகத் தராசுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் அக்கா. எதில் எவ்வளவு என்று ஒருவர் யோசித்துத் தருவார், இவர் நிறுத்துக் கலப்பார். தராசு இருக்கும் மேஜை பக்கம் மின்விசிறி கிடையாது. காற்றடித்தால் எடை ஆடும். அதனால் வெயில் காலத்தில் அக்கா ஒரு ஈரத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டுதான் வேலை பார்ப்பார்.

அலமாரியின் மேல்தட்டில் ஒரு டப்பா இருக்கும். உள்ளே கற்கண்டை நொறுக்கியது போல வெள்ளைத் தூள். கம்பெனியில் அதை அம்பர் என்பார்கள்.

பழைய அம்பர் திமிங்கிலத்தின் வயிற்றிலிருந்து வந்தது. கணவாய் மீனை விழுங்கும் திமிங்கிலத்துக்கு அதன் கூரான அலகு செரிக்காது. அந்த அலகைச் சுற்றி மெழுகு மாதிரி ஒன்று கட்டியாகி, என்றைக்கோ வெளியே வந்து, வெயிலும் உப்பும் தின்றபடி வருடக்கணக்கில் கடலில் மிதக்கும். கரை ஒதுங்கும்போது பார்க்க அழுக்குக் கல் மாதிரி இருக்கும். வாசனை மட்டும் ராஜாக்கள் சண்டை போடும் அளவுக்கு. செய்தித்தாளில் 'திமிங்கில வாந்தி பறிமுதல்' என்று வருகிறதே, அந்தச் சமாசாரம்தான்.

இப்போது அதற்காகத் திமிங்கிலத்தைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை. பெரிய தொட்டியில் கரும்புச் சர்க்கரையைக் கரைத்து ஊற்றி ஈஸ்ட்டை விடுகிறார்கள். ரொட்டியை உப்ப வைக்கும் ஈஸ்ட்டுக்கு உறவுதான் இதுவும். அது சர்க்கரையைத் தின்றுவிட்டு ஓர் எண்ணெயைத் தருகிறது. அந்த எண்ணெயை இன்னும் சில படிகள் மாற்றினால் இந்த வெள்ளைத் தூள். திமிங்கிலத்துக்கு இதில் ஒரே ஒரு நஷ்டம். அதன் வயிற்றுவலிக்கு இருந்த மரியாதை போய்விட்டது.

எப்படி இருக்கும் அந்த வாசனை? வெயிலில் காய்ந்த தோல், கொஞ்சம் உப்புக்காற்று, சலவைச் சட்டைக்குள் ஒரு ஆள். தனியாக முன்னே வந்து நிற்காது. எலுமிச்சை, பூ எல்லாம் கிளம்பிப் போன பிறகு துணியில் இது மட்டும் உட்கார்ந்திருக்கும். துவைத்தாலும் லேசில் எழுந்து போகாது.

போன வருடம் கம்பெனியில் யோசிக்கிற வேலை பார்த்தவர் பெரிய இடத்துக்குத் தாவிவிட்டார். போகும்போது நாற்காலி மெத்தையைக்கூடக் கழற்றிக்கொண்டு போனார். அதே வாரம் பார்த்து ஓர் ஆர்டருக்கான வாய்ப்பு வந்தது. ஏழு ஓட்டல்கள் வைத்திருக்கும் ஒரு நிறுவனம், தங்கள் குளியலறைத் துண்டுகளுக்கென்று ஒரு தனி வாசனை வேண்டும் என்று கேட்டது. முதலாளி தலையில் கை வைத்து உட்கார்ந்தார். பிறகு கையை எடுத்துவிட்டு அக்காவைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, இத்தனை வருஷமா அடுத்தவன் யோசிச்சதை நிறுத்துக் கொடுத்தே. நீயே ஒண்ணு செஞ்சு பாரேன்?"

"நானா சார்?"

"பாஸ் ஆச்சுன்னா அவன் இருந்த ரூம் உனக்கு. ஆகலேன்னா வெளியிலேருந்து ஒரு ஆளைக் கூட்டிட்டு வருவேன். நீ மறுபடியும் தராசுக்குப் போயிடணும். மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கக் கூடாது."

"ஒரு சிட்டிகை தூக்கி வச்சுப்பேன் சார். அப்புறம் சரியாயிடும்."

சிரித்துக்கொண்டே சொன்னாரே தவிர, அன்றைக்கு வீட்டில் அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்ததை அக்கா கவனிக்கவில்லை. இருபது வருடமாக ஊர் முழுக்க அவர் கலந்த வாசனைகள் சுற்றுகின்றன. எந்தக் குளியலறையில் நுழைந்தாலும், "இது நான் நிறுத்தது" என்று சொல்லலாம். "இது என்னுடையது" என்று சொல்ல ஒன்றுகூடக் கிடையாது.

மூன்று வாரத்தில் முதல் பாட்டில் தயாரானது. மேலே எலுமிச்சை, நடுவில் துவைத்த துணியின் வாசம், அடியில் அளவாக அம்பர். ஓட்டல் நிறுவனத்தின் கொள்முதல் மேனேஜரிடம் அக்காவே எடுத்துப் போனார். மேனேஜர் நல்ல உயரம், பேச்சு கம்மி. வெள்ளைக் காகிதப் பட்டையைப் பாட்டிலில் தோய்த்து மூக்கருகே ஆட்டினார். இன்னொரு தடவை ஆட்டினார்.

"எலுமிச்சை வருது. துணி வாசனை வருது. அதுக்கு அப்புறம் ஒண்ணும் இல்லையே. சாயங்காலம் வரைக்கும் நிக்கணும்மா."

"நிக்கும் சார். அடியில ஒண்ணு போட்டிருக்கேன்."

"அடியில ஆளையே காணோம்."

அக்கா திரும்பி வந்து அம்பரை இரண்டு மடங்காக்கினார். அடுத்த வாரமும் மேனேஜர் அதையேதான் சொன்னார். இன்னும் ஒரு தடவைதான் பார்ப்பேன் என்றும் சேர்த்துச் சொன்னார். அக்கா லேபுக்கு வந்து, இரண்டாவது பாட்டிலைத் தானே முகர்ந்தார். அட, உண்மையிலேயே சப்பென்று இருந்தது. அம்பர் போட்ட பட்டைக்கும் போடாத பட்டைக்கும் வித்தியாசமே தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவர்களைக் கேட்டார். அவர்களும் உதட்டைப் பிதுக்கினார்கள். மூன்றாவது பாட்டிலில் அம்பர் ஆறு மடங்கானது.

அந்தச் சனிக்கிழமை நாத்தனார் வந்தார். கணவரின் தங்கை, தொலைதூரத்தில் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், வாய்க்குப் பூட்டு இல்லாதவர். வாசலில் பெட்டியை வைத்தவர் உள்ளே வராமல் அங்கேயே நின்றார்.

"அண்ணி, வீட்ல யாரு இருக்கா?"

"யாரும் இல்லையே. உங்க அண்ணன் டூட்டியில இருக்காரு."

"யாரோ பெரிய மனுஷன் உள்ளே உட்கார்ந்திருக்கிற மாதிரி வாசனை வருது. நான் தலையைச் சீவிட்டு வரட்டுமா?"

"விளையாடாதே, வா."

நாத்தனார் விளையாடவில்லை. சோபாவை முகர்ந்தார், திரைச்சீலையை முகர்ந்தார், அண்ணியின் தலைமுடியை முகர்ந்தார், கடைசியில் அண்ணனின் காக்கிச் சட்டையை முகர்ந்துவிட்டுச் சொன்னார்: "இவன் பஸ்ஸா ஓட்டறான்? சட்டையை மோந்தா கப்பல் வச்சிருக்கிறவன் மாதிரி இருக்கு!"

அக்கா மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். விஷயம் புரிந்துவிட்டது. நம் வீட்டு வாசனை நமக்குத் தெரியாது, விருந்தாளிக்குத்தான் தெரியும். ஒன்றையே நாள் முழுக்க முகர்ந்தால் மூக்கு அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வதை நிறுத்திவிடும். இது வாசனைத் தொழிலில் இருக்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த பாடம். தெரிந்தும், வாரக்கணக்கில் அந்தத் தூளோடு புரண்டு, லேபில் இருக்கிறவர்களின் கோட்டுகளை எல்லாம் ஒரே மெஷினில் போட்டுத் துவைத்து, கட்டடத்தில் இருந்த மூக்குகளை எல்லாம் தூங்க வைத்திருந்தார் அக்கா. இன்னொரு கூத்து, புதுக் காகிதப் பட்டைகளை அவர் வைத்திருந்தது அம்பர் நிறுக்கும் மேஜையின் டிராயரில். வெறும் பட்டையிலேயே அம்பர் ஏறியிருந்தது. பிறகு வித்தியாசம் எங்கிருந்து தெரியும்?

நாத்தனாரை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய், கடையில் புதிதாக வாங்கிய வெள்ளைத் தாளைக் கிழித்துப் பட்டையாக்கி, பாட்டில்களைக் கொடுத்தார்.

முதல் பாட்டிலுக்கு நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டார். "இது நல்லா இருக்கு அண்ணி. நல்ல மனுஷன் ஒருத்தர் இப்பத்தான் எழுந்து போன மாதிரி இருக்கு."

மூன்றாவது பாட்டிலுக்குப் பட்டையைக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்தார். "இந்த ஆள் போகவே மாட்டேங்கிறான். லிஃப்ட்ல கூடவே ஏறி, மேல விழுந்து பேசறான்."

சரி, தன் மூக்கு தூங்கியது. மேனேஜர் மூக்குக்கு என்ன வந்தது? அவர் அம்பர் லேபில் குடியிருக்கவில்லையே. திங்கட்கிழமை முதலாளியிடம் கேட்டபோது அவர் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்.

"சில பேருக்கு இந்த ஒரு வாசனை மட்டும் பிறவியிலேயே தெரியாதும்மா. மத்தது எல்லாம் பிரமாதமாத் தெரியும். அந்த ஆளும் அப்படித்தான் போலிருக்கு."

"அப்ப சொல்லிட வேண்டியதுதானே சார்?"

"முப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். வாங்க வர்றவன்கிட்ட விலை ஏறிடுச்சுன்னு சொல்லலாம், சரக்கு லேட்டுன்னு சொல்லலாம். உங்க மூக்குல குறைன்னு மட்டும் சொல்லக் கூடாது. எழுந்து போயிடுவான். அவர் கேட்டபடி மூணாவது பாட்டிலைக் கொடு. கையெழுத்து வாங்கு."

"ஏழு ஓட்டல் துண்டு சார். முகம் துடைக்கிறவங்க மூச்சு முட்டிப் போயிடுவாங்க."

"அவங்களா கையெழுத்துப் போடறாங்க?"

அக்கா கைப்பையில் மூன்றாவது பாட்டிலோடு முதல் பாட்டிலையும், அம்பர் போடாத கலவையில் கொஞ்சத்தையும் போட்டுக்கொண்டார். மற்ற இரண்டையும் எதற்கு எடுத்தோம் என்று பஸ்ஸில் போகும்போது அவருக்கே தெரியவில்லை.

மேனேஜர் அன்றைக்குப் பார்க்கவே பரிதாபமாக இருந்தார். கண்ணுக்குக் கீழே கறுப்பு, சட்டைக் காலர் ஒரு பக்கம் மடங்கியிருந்தது. மூன்றாவது பாட்டிலை முகர்ந்தார். "இதுலயும் பெரிசா ஒண்ணும் மாத்தமில்லை. போகட்டும், மத்த கம்பெனிக்காரங்க கொண்டு வந்ததுக்கு இது தேவலாம். எடுத்துக்கறேன். பேப்பரை வைங்க."

அவ்வளவுதான். பாஸ். அந்த அறை, மெத்தை இல்லாத அந்த நாற்காலி, எல்லாம் அக்காவுக்கு. பேப்பரை மேஜையில் வைத்தால் போதும். அக்கா பேப்பரை எடுத்தார். யாரோ ஒருவர் குளித்துவிட்டு வந்து, அந்தத் துண்டில் முகத்தைப் புதைத்து, அடுத்த நொடி தூர எறிவது கண்முன் வந்தது. முதன்முதலாகத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளப்போகும் வாசனை அது. பேப்பரை மறுபடியும் பைக்குள் வைத்தார்.

"சார், ஒரு நிமிஷம். கோபப்படக் கூடாது."

புதுத் தாளில் கிழித்த மூன்று பட்டைகளை வரிசையாக வைத்தார். இரண்டில் அம்பர் இல்லாத கலவை, ஒன்றில் அம்பர் தூக்கலாக. எது வேறு மாதிரி இருக்கிறது, சொல்லுங்கள் என்றார். மேனேஜர் முகர்ந்து இடது ஓரத்தைக் காட்டினார். தப்பு. மாற்றி வைத்தார். மறுபடியும் தப்பு. இன்னொரு தடவை மாற்றியபோது மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டார்.

"மூணும் ஒண்ணுதாம்மா. என்ன, சோதிக்கிறீங்களா?"

"மூணும் ஒண்ணு இல்லை சார். ஒண்ணுல இருக்கிற ஒரு வாசனை உங்களுக்குத் தெரியலை. சில பேருக்கு அப்படித்தான். எனக்கே போன வாரம் வரைக்கும் தெரியலை. ஆனா மத்தவங்களுக்குத் தெரியும். நீங்க எடுத்துக்கறேன்னு சொன்னீங்களே, அதுல நிஜமாவே மூச்சு முட்டற அளவுக்கு இருக்கு."

போச்சு, எல்லாம் போச்சு என்று அக்கா கைப்பையின் ஜிப்பை இழுத்தார். மேனேஜர் மெல்லச் சட்டைப் பையில் கைவிட்டுக் கசங்கிய பட்டைகளை எடுத்து மேஜையில் போட்டார். முதல் தடவையும் இரண்டாவது தடவையும் முகர்ந்தவை. பிறகு இன்னொரு தடவை பார்க்கலாம் என்று பையிலேயே வைத்திருக்கிறார்.

"இதுலயும் அது இருக்கா?"

"இருக்கு சார்."

"சட்டையில ஒட்டுமா?"

"துவைச்சாலும் போகாது. அதைத்தானே சார் நீங்க கேட்டீங்க."

மேனேஜர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அக்கா பதறிப்போய்த் தண்ணீர் டம்ளரை நகர்த்தினார். கைகளுக்கு உள்ளிருந்து குரல் வந்தது.

"ரெண்டு வாரமா என் வீட்டுக்காரி 'யார் அவ'ன்னு கேட்டுட்டு இருக்காம்மா. எவளும் இல்லடிங்கறேன். சட்டையைக் கொண்டாந்து மூஞ்சிக்கு நேரா காட்டறா. நானும் மோந்து பாக்கறேன், சோப்பு வாசனைதான் வருது. 'ஒண்ணுமே இல்லையே'ன்னு சொன்னா, 'பொய் சொன்னாலும் பொருத்தமாச் சொல்லத் தெரியலை'ங்கறா. இப்ப பத்து நாளா சோபாவுலதான் படுக்கறேன். என் நீளத்துக்கு அந்த சோபா பத்துமா, சொல்லுங்க?"

"பத்தாது சார்."

"கிளம்புங்க."

"எங்க சார்?"

"மெடிக்கல் ஷாப்புக்கு."

இரண்டு தெரு தள்ளி இருந்த அந்த மருந்துக்கடையில் மேனேஜரின் மனைவிதான் மருந்தாளர். வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு கவுன்ட்டரில் நின்றிருந்தார். முன்னால் ஐந்தாறு பேர் வரிசையில் நின்றார்கள். கணவரைப் பார்த்ததும் முகம் இறுகியது. கூடவே வந்த பெண்ணைப் பார்த்தார். அக்கா கவுன்ட்டரை நெருங்க நெருங்க, அவர் மூக்கு இரண்டு தடவை விரிந்தது. கையில் இருந்த மாத்திரை அட்டையைக் கீழே வைத்தார்.

அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. தலை முதல் கால் வரை தன் மேல் அடிப்பதே அந்த வாசனைதான்.

"ஓ," என்றார் மனைவி. "நேர்லயே கூட்டிட்டு வந்துட்டீங்களா?"

வரிசை முழுக்க அக்காவைத் திரும்பிப் பார்த்தது. இருமிக்கொண்டிருந்த பெரியவர்கூட இருமலை நிறுத்திவிட்டார்.

"ஐயோ அம்மா, நான் அது இல்லை!" என்றார் அக்கா.

"எது இல்லை?"

"நான் துண்டுக்கு வாசனை செய்யறவ!"

"எந்தத் துண்டுக்கு?" என்று வரிசையில் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"நீங்க சும்மா இருங்க!" என்று மேனேஜர் திரும்பிக் கத்தினார்.

"வரிசையில நிக்கிறோம், கேக்கக்கூடக் கூடாதா?" என்றார் ஒரு பெண், இடுப்பில் இருந்த குழந்தையை மறுபக்கம் மாற்றிக்கொண்டு. "நீங்க சொல்லுங்கம்மா. என்ன துண்டு?"

அக்கா சொன்னார். திமிங்கிலத்தில் ஆரம்பித்து, கரும்புச் சர்க்கரை, ஈஸ்ட் எல்லாம் தாண்டி, மேனேஜர் சட்டைப் பையில் வந்து நிறுத்தினார். மனைவி கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். நம்பியதாகத் தெரியவில்லை. மருந்தாளர் ஆயிற்றே, கதைக்கு மசிவாரா? கவுன்ட்டர் மேல் இடம் ஒதுக்கி, "வைங்க அந்தப் பட்டையை" என்றார். "அவர் கண்ணைக் கட்டுங்க. எதுல இருக்குன்னு நீங்களும் சொல்லக் கூடாது."

மேனேஜர் கண்ணைக் கட்டக் கைக்குட்டை தந்தது வரிசையில் நின்ற பெரியவர். மனைவி பட்டைகளைத் தன் இஷ்டத்துக்கு மாற்றி மாற்றி நீட்டினார். மேனேஜர் ஒவ்வொரு தடவையும் நம்பிக்கையோடு தப்பான பட்டையைத் தொட்டார். வரிசையே "ச்சூ" கொட்டியது. தனக்கு வேண்டும் என்று குழந்தை கையை நீட்டியது.

பிறகு மனைவி தானே முகர்ந்தார். ஒரே தடவைதான். தூக்கலான பட்டையைத் தனியே எடுத்து வைத்தார். "இதுல இருக்கு. ஆனா இது அவ இல்லை. அவளோட அக்கா. சண்டைக்காரி."

அக்கா சட்டென்று பையிலிருந்து முதல் பாட்டிலை எடுத்து, ஒரு பட்டையைத் தோய்த்து நீட்டினார். மனைவி முகர்ந்தார். தோள் இரண்டும் தளர்ந்து இறங்கின.

"இவதான்," என்றார். "இவளேதான்."

கட்டு அவிழ்ந்த மேனேஜர் மனைவியைப் பார்த்தார், பட்டையைப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் வரலைடி. உன் மூக்கை வச்சுச் சொல்லு. ஏழு ஓட்டல் துண்டுக்கும் ஒண்ணு எடுக்கணும். எது?"

"இதைக் கேக்கணுமா? இதான்." மனைவி முதல் பாட்டிலின் பட்டையைத் தட்டிக் காட்டினார். "அந்தச் சண்டைக்காரியை வச்சீங்கன்னா ஓட்டல்ல ஒருத்தன் தங்க மாட்டான்."

மேனேஜர் பேப்பரை வாங்கி, மனைவியின் கோட்டுப் பையிலிருந்து பேனாவை உருவி, இருமல் மருந்துப் பெட்டிகளுக்கு நடுவில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். பாட்டில் எண் ஒன்று. வரிசையில் யாரோ கை தட்டினார்கள். பெரியவர் தன் கைக்குட்டையைத் திருப்பிக் கேட்டார்.

அக்கா பேப்பரை மடித்துப் பைக்குள் வைத்தார். ஆனால் கிளம்பவில்லை. கையெழுத்து கிடைத்துவிட்டது, அறையும் கிடைத்துவிட்டது, இன்னும் ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது. கவுன்ட்டர் மேல் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் கேட்டார்.

"அம்மா, மரியாதைக்குச் சொல்லாதீங்க. இது நான் செஞ்சது. நிஜமாவே நல்லா இருக்கா?"

மனைவி அந்தப் பட்டையை இன்னொரு தடவை மூக்கருகே கொண்டுபோனார்.

"மட்டமான வாசனையா இருந்திருந்தா நான் ஏம்மா சண்டை போடப் போறேன்? இவ்வளவு நல்ல வாசனைக்காரி இந்த ஆள்கிட்ட எதைப் பாத்து வந்தான்னுதான் ரெண்டு வாரமா மண்டையை உடைச்சுட்டு இருந்தேன்."